தயிரில் கலந்து கொடுக்கலாமா?

தங்கைக்கு,

இங்கிலாந்துக்கு வந்து மூன்று மாதம், முதியோர் வார்டில் வேலை. ஒரு பாட்டி இரத்த அழுத்த மாத்திரையைத் துப்பிவிடுகிறார். மகனோ பொடித்துத் தயிரில் கலந்து கொடுத்துவிடச் சொல்கிறார். கலந்தால் பின் நம்பர், அதாவது இங்கே நர்ஸாக வேலை செய்வதற்கான பதிவு எண், போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பின் நம்பர் கிடக்கட்டும், முதலில் கலக்காதீர்கள்.

ஊரில் நமக்கு இது கைவந்த வேலை. மகன் தலையாட்டினால் போதும், பாட்டியை யார் கேட்டார்கள்? இங்கே 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் இருக்கிறது. பதினாறு வயது நிரம்பியவர் எவரும் தனக்கான முடிவைத் தானே எடுக்க வல்லவர் என்றுதான் தொடங்க வேண்டும். முடிவு நமக்கு அசட்டுத்தனமாகப் படலாம். அதனாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று ஆகிவிடாது. சொன்னது புரிகிறதா, நினைவில் நிற்கிறதா, நல்லது கெட்டதை எடைபோட முடிகிறதா, முடிவை எப்படியாவது தெரிவிக்க முடிகிறதா என்று இந்த மாத்திரையை வைத்துப் பார்க்க வேண்டும். கோப்பில் டிமென்ஷியா (மறதி நோய்) என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது.

திறன் இல்லை என்று தெரிந்தாலும் நீங்கள் தனியாகக் கலக்க முடியாது. மருத்துவர், மருந்தாளுநர், குடும்பத்தார் எல்லோரும் கூடிப் பாட்டியின் நலனுக்கு எது நல்லது என்று முடிவெடுத்து, அதை எழுதி வைக்க வேண்டும். மருந்தாளுநர் ஒப்புக்கு அல்ல. சில மாத்திரைகள் மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவை. பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக உள்ளே போய்விடும். மகனுக்குச் சட்டப்படி உடல்நல அதிகாரப் பத்திரம் (தாயின் சிகிச்சையை அவருக்காக முடிவு செய்யும் உரிமை) இருந்தாலும், தாய் திறன் இழந்த பிறகுதான் அது பேசும்.

என் முதல் வருடத்தில் ஒரு பெரியவர் இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியை மறுத்தார். 'மறுத்தார்' என்று குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். காலையில் வார்டு மேலாளர், "ஏன் என்று கேட்டாயா?" என்றார். போய்ப் போர்வையை விலக்கினால் வயிறெங்கும் ரூபாய்க் காசு அளவில் கன்றிய தழும்புகள்! போட்ட இடத்திலேயே போட்டிருக்கிறோம். இடம் மாற்றிப் போடுகிறேன் என்றதும் சம்மதித்தார். அவமானத்தில் அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இனி பின் நம்பர். தவறு நேர்ந்து, அதை நீங்களே சொல்லி, நோயாளியிடமும் ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் வார்டு அளவிலேயே பாடமாக முடியும். மறைத்தது தெரிந்தால்தான் நர்ஸ்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் என்.எம்.சி. கடுமையாகப் பார்க்கும். நம்மவர்கள் பயத்தில் மறைத்தே மாட்டிக்கொள்கிறார்கள்.

நாளை பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் துப்புகிறார் என்று கேளுங்கள். வாய் வறண்டிருக்கலாம், மாத்திரை பெரிதாக இருக்கலாம். திரவ மருந்தாகக் கிடைக்குமா என்று மருந்தாளுநரையும் கேளுங்கள். மகன் விடாப்பிடியாக நின்றால் பொறுப்பு நர்ஸைக் கூப்பிடுங்கள். மகன் கேட்டதையும் நீங்கள் சொன்னதையும் நேரம் போட்டு அன்றே எழுதிவிடுங்கள்.