கண்புரை ஆபரேஷனுக்குப் பின் கண் அழுத்தம்: கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு நேற்று ஆபரேஷன். இன்று கண் அழுத்தம் 32 என்கிறார்கள். கிளாக்கோமா வந்துவிட்டதா?

பதில்: பதறாதீர்கள். வழக்கமான அளவு 10 முதல் 21 வரை. ஆபரேஷனின்போது கண்ணின் முன்பகுதி அமுங்கிவிடாமலிருக்க ஒரு ஜெல் செலுத்துவார்கள். கடைசியில் உறிஞ்சி எடுத்தாலும் கொஞ்சம் தங்கி, கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற சல்லடையை அடைத்துக்கொள்ளும். முதல் நாள் ஏற்றத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மருந்திலேயே சில நாளில் இறங்கிவிடும். பார்வை நரம்பு பழுதானால்தான் அது கிளாக்கோமா. அம்மாவுக்கு முன்பே அது இருந்தால் கதை வேறு. நலிந்த நரம்பு கொஞ்ச நேர ஏற்றத்தைக்கூடத் தாங்காமல் போகலாம். டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மூன்று வாரம் ஆகிறது. வலி இல்லை, பார்வையும் தெளிவு. ஆனால் அழுத்தம் 28.

பதில்: சொட்டு மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் என் சந்தேகம் அதன்மேல்தான். இவை அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டுகள். ஸ்டீராய்டு சிலருக்கு இப்படி இரண்டு, மூன்று வாரத்தில் அழுத்தத்தை ஏற்றிவிடும். வலி இல்லாததுதான் இதில் வில்லங்கம். அளந்து பார்த்தால் ஒழியத் தெரியாது. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், உள்ளே அழற்சி திரும்பிவிடும். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். ‘கண்ணுக்கு இதமாக இருக்கிறதே’ என்று பழைய சீட்டை வைத்து அதே பாட்டிலை மாதக்கணக்கில் வாங்கி விடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. அப்படிப் போன பார்வை திரும்பாது.

கேள்வி: ஆபரேஷன் ஆன கண்ணில் கடும் வலி, வாந்தி. விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறது.

பதில்: இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். அழுத்தம் திடீரென எகிறியிருக்கலாம். காலை வரை பொறுக்க வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு ஆஸ்துமா. அழுத்தம் குறைய டிமோலால் எழுதியிருக்கிறார்கள். கண்ணில்தானே விடுகிறோம்?

பதில்: கண்ணோடு நிற்காது. கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். அடுத்த சொட்டு விடுவதற்கு முன் டாக்டருக்குப் போன் போட்டு ஆஸ்துமாவைச் சொல்லுங்கள். டோர்சோலமைடு மாதிரி மாற்று மருந்துகள் இருக்கின்றன.

கேள்வி: எனக்கு ஏற்கெனவே கோணம் குறுகிய கிளாக்கோமா. ஆபரேஷனுக்கே பயமாக இருக்கிறது.

பதில்: உங்களுக்கு அது நல்லதாகவே முடியலாம். பருத்த லென்ஸை எடுத்து மெல்லியதை வைத்தால், நீர் வடிகிற சல்லடைக்குப் போகும் இடுக்கான அந்தக் கோணம் விரியும், அழுத்தமும் பலருக்கு இறங்கும். அதுவரை விடுகிற சொட்டு மருந்தைத் தொடர்வதா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.