காதுகுத்துக்குத் தாய்மாமன் வருவானா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மதுரை புதூரில் இருக்கிறேன். பெயர் போட வேண்டாம். என் கணவர் டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். தம்பி திருமங்கலத்தில் இருக்கிறான். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் இருவரும் மச்சான், மாப்பிள்ளை என்று கூடப் பிறந்தவர்கள் மாதிரிதான் இருந்தார்கள். கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தபோது பாதிப் பணம் தம்பி தந்தது.

நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4 ராத்திரி எல்லாம் கெட்டுப்போனது. குடும்ப வாட்ஸப் குழுவில் தம்பி ‘நாற்பதுக்கு நாற்பது’ என்று போட்டான். இவர் ‘ஆட்சி யாருதுன்னு பாரு மாப்ள’ என்று போட்டார். அதோடு நின்றிருக்கலாம். பதினோரு மணிக்கு மேல் தம்பி, ‘உங்கள மாதிரி மூளைய அடகு வச்சவங்களாலதான் நாடு இப்படி இருக்கு’ என்று எழுதினான். என் மாமியார், பிள்ளைகள் எல்லோரும் இருக்கிற குழு அது. இவர் ‘இனி என் வீட்டுப் படி ஏறாதே’ என்று எழுதிவிட்டு அவனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

ஆவணியில் சின்னவனுக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படி? ‘உன் பெரியப்பா மகன் இருக்கான்ல, அவன் மடியில உக்கார வை’ என்கிறார். அரசியல்தானே, விட்டுத்தள்ளுங்கள் என்று இருவரிடமும் சொல்லிப் பார்த்தேன். இருவருக்கும் என் மேல்தான் கோபம் வந்தது. நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று இரண்டு பேருமே இதுவரை கேட்கவில்லை. சொன்னால் ஒருவேளை அடங்குவார்களா? என்ன செய்யட்டும்?

புதூர் வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. ‘அரசியல்தானே’ என்று இனிமேல் அவர்களிடம் சொல்லாதீர்கள். அவர்களுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது.

2024 ஜனவரி 22-ஆம் தேதி அயோத்தியில் ராமர் கோயில் பிரதிஷ்டை நடந்தபோது டிவிக்கு முன்னால் கண்கலங்கி உட்கார்ந்திருந்தவர்களை மதுரையில் நானே பார்த்தேன். எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போகாத ஆட்கள். அதே மாதிரி, ஏப்ரல் 21 அன்று ராஜஸ்தானில் பிரதமர் பேசிய பேச்சில் ‘ஊடுருவல்காரர்கள்’ என்ற சொல் வந்தபோது, கோரிப்பாளையத்தில் நாலு தலைமுறையாக இருக்கிற என் முஸ்லிம் நண்பர் என்னைக் கூப்பிட்டு, ‘எங்களையா சொல்றாரு?’ என்று கேட்டார். நம்மூரில் ஓட்டுப்பதிவு அதற்கு இரண்டு நாள் முன்பே முடிந்திருந்தது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் எழுத்தைப் படிக்கிற உங்களுக்கு நான் எந்தப் பக்கம் என்று தெரியும். அந்தப் பேச்சு என்னைப் புண்படுத்தியது. உங்கள் தம்பிக்கும் அப்படி ஒரு நண்பர் இருக்கலாம். உங்கள் கணவருக்கும் ஜனவரியில் கண் கலங்கியிருக்கலாம். இரண்டையும் ‘தானே’ போட்டுச் சிறிதாக்கினால், தன் மனசை இவள் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் இருவரும் நினைப்பார்கள்.

அப்புறம் ஜூன் 4. அன்றைக்கு மதுரையில் முழுசாக ஜெயித்தவர் என்று ஒருவரையாவது காட்ட முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். ஜூன் 1 சாயங்காலம் சேனல்கள் எல்லாம் ஆளும் கூட்டணிக்கு 350, 400 என்று எண்ணிக் கொடுத்தன. வந்தது 293. அதில் பாஜக தனியாக 240. அறுதிப் பெரும்பான்மைக்கு வேண்டிய 272-க்கு 32 குறைவு. உங்கள் கணவர் ஆசைப்பட்ட ஆட்சி வந்தது, ஆனால் ஆசைப்பட்ட மாதிரி வரவில்லை. அவர் வாழ்கிற மாநிலத்தில் அந்தக் கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை. உங்கள் தம்பி ஆசைப்பட்டபடி தமிழ்நாட்டின் 39-ம் புதுச்சேரியும் சேர்ந்து நாற்பதும் கிடைத்தன, டெல்லி கிடைக்கவில்லை. இரட்டை இலைக்குப் போட்ட லட்சக்கணக்கானவர்களுக்கு இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அவர்களைப் பற்றி அன்று ராத்திரி எந்தக் குழுவிலும் ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள்.

நாற்பதுக்கு நாற்பது என்பது தொகுதிக் கணக்கு. ஆள் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் திமுக கூட்டணிக்கு விழுந்தது நூற்றுக்கு 47 போல. நாடு முழுக்கப் பார்த்தால் ஆளும் கூட்டணியும் பாதியைத் தொடவில்லை. நம் மதுரைத் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயித்த சு. வெங்கடேசனுக்கு 4 லட்சத்து 30 ஆயிரம். இரண்டாவதாக வந்த பாஜகவுக்கு 2 லட்சத்து 20 ஆயிரம். மூன்றாவதாக வந்த அதிமுகவுக்கு 2 லட்சத்து 4 ஆயிரம். இரண்டாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் ஜெயித்தவரின் வாக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். நாம் தமிழருக்குத் தனியாகத் தொண்ணூறாயிரத்துக்கு மேல். இதற்கெல்லாம் வெளியே, நூற்றுக்கு 38 பேர் போல வாக்குச்சாவடிப் பக்கமே வரவில்லை. உங்கள் தம்பி இருக்கிற திருமங்கலம் விருதுநகர் தொகுதியில் வருகிறது. அங்கே முன்னிலை நாள் முழுக்க மாறி மாறி, கடைசியில் 4,379 வாக்கில் முடிந்தது. காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் ராத்திரி பதினோரு மணிக்கு எந்த நிலையில் இருந்திருப்பான் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. அதற்காக அவன் எழுதியது சரியாகிவிடாது.

இதே மாதிரி ஒரு முடிவு எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. 1977 மார்ச். எனக்குப் பத்து வயது. செல்லூரில் எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்று அப்பாவுடையது, இன்னொன்று சித்தப்பாவுடையது. அப்பா எம்.ஜி.ஆர். சொன்னால் மறுபேச்சுப் பேசாதவர். அதனால் அந்தத் தேர்தலில் அவரும் காங்கிரசும் சேர்ந்த கூட்டணிக்குப் போட்டார். சித்தப்பா திமுக. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 ஜனவரி 31-ஆம் தேதி இந்திரா காந்தியின் அரசு திமுக ஆட்சியைக் கலைத்த பிறகு, விசாரணையில்லாமல் சிறையில் வைக்கிற மிசா சட்டத்தில் பிடித்துக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். ஏறக்குறைய ஒரு வருஷம் உள்ளே இருந்தார். அந்த ஒரு வருஷமும் சித்தி அவருடைய தறியில் உட்கார்ந்து நெய்துதான் கஞ்சி குடித்தாள்.

ரேடியோவில் முடிவு வந்தது. ரேபரேலியில் இந்திரா காந்தியே தோற்றுவிட்டார். வடக்கே காங்கிரஸ் துடைத்தெடுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதற்கு நேர்மாறாக, எம்.ஜி.ஆர். காங்கிரஸ் கூட்டணிக்கு 39-ல் 34. யோசித்துப் பாருங்கள். சித்தப்பா டெல்லியில் ஜெயித்து ஊரில் தோற்றார். அப்பா ஊரில் ஜெயித்து டெல்லியில் தோற்றார். உங்கள் வீட்டுக் கதைதான்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தபோது அப்பா சொன்னார்: ‘நீ உள்ள கிடந்ததுக்கு ஊரு என்ன மதிப்புப் போட்டிருக்குன்னு இப்பத் தெரிஞ்சுதா?’

சித்தப்பா பாதித் தட்டில் எழுந்து போனார். சித்தி அந்தத் தட்டை எடுக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் இருவரும் பேசவில்லை. ஆனால் தறிக்காரர் வீட்டில் பேசாமல் இருக்கலாம், சேராமல் இருக்க முடியாது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல். விடியற்காலையில் அதைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டிக் கஞ்சி போட வேண்டும். ஒரு முனையில் அப்பா, மறுமுனையில் சித்தப்பா, நடுவில் நாங்கள் பிள்ளைகள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். இருவரும் பாவைப் பார்ப்பார்களே தவிர முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ஒருநாள் சித்தப்பா மறுமுனையிலிருந்து, ‘அண்ணே, உன் பக்கம் இழை அறுந்திருக்கு’ என்று சத்தம் போட்டார். அப்பா குனிந்து முடிச்சுப் போட்டார். அன்றைக்கு அவ்வளவுதான். இரண்டு மூன்று நாள் கழித்து, சித்தியும் நாங்களும் இருக்கும்போதே, ‘அன்னைக்கு நான் சொன்னது தப்புடா. ஓட்டு வேற, நீ பட்டது வேற’ என்றார் அப்பா. எல்லோர் முன்னாலும் சொன்ன சொல்லை எல்லோர் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அதற்காக அவர் கட்சி மாறவில்லை. சாகிற வரைக்கும் இரட்டை இலைக்குத்தான் போட்டார். சித்தப்பா கடைசிவரை கறுப்பு சிவப்புக் கரை வேட்டிதான். ஒவ்வொரு தேர்தலிலும் வீட்டில் சண்டை நடந்தது, சில சமயம் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. ஆனால் ‘உள்ள கிடந்தது’ பற்றி அப்பா அதற்குப் பிறகு ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை.

நம் மொழியில் ஓட்டுக்கும் வாக்கு என்றுதான் பேர், வாயிலிருந்து வருகிற சொல்லுக்கும் வாக்கு என்றுதான் பேர். உங்கள் வீட்டில் முறிந்தது இரண்டாவது வாக்கில்தான். உங்கள் கணவரும் தம்பியும் போட்ட ஓட்டுக்காக ஒருவரிடம் ஒருவர் வருத்தம் தெரிவிக்க வேண்டியதே இல்லை. அப்படி எதிர்பார்த்தால் இந்த ஜென்மத்தில் நடக்காது, நடக்கவும் கூடாது. திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியது ஆளுக்கு ஒரு வாக்கியம்.

தம்பி எழுதியதில் மச்சானை மட்டும் குத்தவில்லை. ‘உங்கள மாதிரி’ என்று எழுதினான். அந்தக் குழுவில் இருக்கிற உங்கள் மாமியாரும் அதே சின்னத்துக்குப் போட்டிருக்கலாம் என்று அவன் யோசிக்கவில்லை. பிள்ளைகள் முன்னால் அவர்களுடைய அப்பாவை மூளையை அடகு வைத்தவர் என்றான். அது பெரிய தப்பு. அவன் நேரில் வந்து, மாமியாரும் பிள்ளைகளும் இருக்கும்போதே, மச்சானிடம் சொல்ல வேண்டும்.

ஆனால் என் பார்வையில் அதைவிடக் கனமானது உங்கள் கணவர் எழுதியது. படி ஏறாதே என்று சொல்ல அவர் ஒருவருக்கு மட்டும் அந்தப் படி சொந்தமில்லை. அது உங்கள் வீடும்தான். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உங்கள் பிறந்த வீட்டுக்குக் கதவைச் சாத்தியிருக்கிறார். இதை நீங்கள் அவரிடம் நேராகச் சொல்ல வேண்டும். தம்பிக்குப் பரிந்து பேசுகிற மாதிரி வேண்டாம். ‘என் வீட்டுக்கு என் தம்பி வரக் கூடாதுன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்?’ என்று உங்களுக்காகவே கேளுங்கள். தேர்தல், மோடி, ராகுல், ஸ்டாலின் என்று எந்தப் பெயரும் அந்தப் பேச்சில் வர வேண்டாம்.

நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பதைச் சொல்ல வேண்டாம். சொன்னால் அடங்க மாட்டார்கள். ஒருவர் ஜெயித்ததாக நினைப்பார், இன்னொருவர் நீங்களும் எதிரிப் பக்கம் என்று எண்ணிக்கொள்வார். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆம் பிரிவின்படி, யாருக்கு வாக்களித்தாய் என்று சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுந்த அந்தச் சீட்டு உங்களுடையது மட்டும்தான்.

ஆனாலும் அவர்கள் கேட்கவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் என்னை ரொம்ப நேரம் நிறுத்திவைத்தது அந்த வரிதான். நாட்டைப் பற்றி அத்தனை வரி எழுதிய இருவருக்கும், பக்கத்தில் இருக்கிற பெண்ணுக்கும் ஒரு நாடு இருக்கிறது, அவளும் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்டு வந்தாள் என்பது தோன்றவில்லை. நீங்கள் மனசில் வைத்திருந்த காரணம் எதுவாக இருந்தாலும், அதைக் கேட்க அவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள். சின்னம் எது என்று கேட்க வேண்டாம். உனக்கு இந்த நாட்டில் என்ன கவலை என்று கேட்கலாம். ஒருநாள் நீங்களே பேச ஆரம்பியுங்கள்.

தம்பியிடம் போனில் பேசுங்கள். எழுதாதீர்கள். பகல் நேரத்தில், அவன் வேலையில் இல்லாதபோது கூப்பிடுங்கள். சின்னவனைப் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டாம். பிள்ளையைக் காட்டி வாங்குகிற சமாதானம் காதுகுத்து அன்றைக்கு மட்டும்தான் நிற்கும். அவன் வந்ததும், வாசலில் யார் முதலில் பேசுவது என்று இருவரும் தயங்கி நின்றால் நீங்கள் நடுவில் புகுந்து இருவருக்கும் சேர்த்துப் பேசிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கட்டும்.

ஆடி பிறக்கப் போகிறது. ஆவணிக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்குள் இதை முடித்துவிடுங்கள். தாய்மாமன் என்ற இடத்தில் உங்கள் தம்பி பெயர்தான் வர வேண்டும்.