டாக்ஸி போடாமலேயே வெட்டுகிறதே! – லென்டிவைரஸ், கேஸ்9 கேள்வி பதில்

லென்டிவைரஸ் (தன் ஜீன்களைச் செல்லின் குரோமோசோமில் சேர்த்துவிடும் வைரஸ்) வழியாக கிரிஸ்பர் கருவியை, அதாவது டி.என்.ஏ.வை வெட்டும் கேஸ்9 புரதத்தையும் எங்கே வெட்டுவது என்று காட்டும் கைடு ஆர்.என்.ஏ.வையும், செல்லுக்குள் அனுப்பி, டாக்ஸிசைக்ளின் (சுருக்கமாக டாக்ஸி) என்ற ஆன்டிபயாட்டிக்கைப் போட்டு, நமக்கு வேண்டியபோது மட்டும் அதை இயக்குவது பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ஒரே புகார். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: அக்கா, டெட்-ஆன் (டாக்ஸி போட்டால் இயங்கும் ஸ்விட்ச்) வைத்த கேஸ்9 செல் தயார் செய்தேன். கைடும் அதே வைரஸில் இருக்கிறது. டாக்ஸிசைக்ளின் போட்ட தட்டிலும் ஜீன் வெட்டுப்படுகிறது, போடாத தட்டிலும் வெட்டுப்படுகிறது. ஸ்விட்ச் கெட்டுவிட்டதா?

கெடவில்லை, கசிகிறது. டாக்ஸி இருந்தால்தான் ஆர்.டி.டி.ஏ. என்ற இயக்குப் புரதம் புரோமோட்டரில் (ஜீனைத் தொடங்கிவைக்கும் டி.என்.ஏ. பகுதி) போய் உட்காரும் என்று படித்திருப்பீர்கள். 1995-இல் ஹைடல்பெர்க் குழு வெளியிட்ட அமைப்பின் அடிப்படை அதுதான். நடைமுறையில் டாக்ஸி இல்லாமலும் அது கொஞ்சம் ஒட்டும். போதாததற்கு, லென்டிவைரஸ் போய்ச் சேர்ந்த இடத்தின் அக்கம்பக்கமும் புரோமோட்டரைத் தட்டி எழுப்பும். பச்சை ஒளிரும் புரதமாக இருந்தால் லேசாக மினுங்கும், விட்டுவிடலாம். கேஸ்9 விஷயம் வேறு. ஒருமுறை வெட்டித் தப்பாக ஒட்டிய டி.என்.ஏ. திரும்பப் பழையபடி ஆகாது. துளித்துளியாகக் கசிந்தாலும் மூன்று வாரம் பாசேஜ் (வளர்ந்த செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றுவது) செய்வதற்குள் தட்டில் கணிசமான செல்கள் மாறியிருக்கும்.

முதலில் செல் வளர்க்க ஊற்றும் மாட்டுச் சீரம் பாட்டிலைப் பாருங்கள். மாடுகளுக்கு டாக்ஸியின் இனமான டெட்ராசைக்ளின் வகை மருந்து கொடுப்பதுண்டு. அதன் மிச்சம் சீரத்தில் வரலாம். நான் இரண்டு மாதம் பிளாஸ்மிட்டையே (ஜீன்களைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.) சந்தேகப்பட்டு இரண்டு தடவை மாற்றிக் கட்டினேன். கடைசியில் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தால், சீரம் பாட்டிலின் மூடியில் மார்க்கரால் எழுதியிருந்த தேதியும், டாக்ஸி போடாத லேனில் முதல் தடவை கேஸ்9 பேண்ட் தெரிந்த வெஸ்டர்ன் பிளாட்டின் (புரதம் இருக்கிறதா என்று காட்டும் சோதனை) தேதியும் ஒரே வாரம்! டெட்ராசைக்ளின் இல்லாத சீரம் என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான்.

சீரம் சரியாக இருந்தும் கசிந்தால், கைடு ஆர்.என்.ஏ.வைப் பிரித்துவிடுங்கள். கேஸ்9 மட்டும் உள்ள செல்லைத் தனியாக வளர்த்து, ஒற்றைச் செல் க்ளோன்களில் நல்லதைத் தேர்ந்து உறையவையுங்கள். சோதனைக்குச் சற்று முன்னால் கைடை வேறொரு வைரஸில் கொடுங்கள். கைடு இல்லாத கேஸ்9 கசிந்தாலும் எங்கே வெட்டுவது என்று அதற்குத் தெரியாது.

கேள்வி: டாக்ஸி எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

ஒரு மில்லிக்கு 1 மைக்ரோகிராமில் தொடங்கி இறக்கிப் பாருங்கள். பல செல்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே போதும். மீடியத்தில் ஏறக்குறைய ஒரு நாளில் பாதி வீணாகிவிடும், அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை புதிதாகப் போடுங்கள். வெளிச்சம் ஆகாது, ஃபாயில் சுற்றி வையுங்கள். அளவு கூடினால் மைட்டோகாண்ட்ரியாவில் புரத உற்பத்தியை டாக்ஸியே குறைக்கும். ஆகவே கேஸ்9 இல்லாத கண்ட்ரோல் செல்லுக்கும் டாக்ஸி போட்டே ஆகவேண்டும். இதைச் செய்யாத கட்டுரை கைக்கு வந்தால் நான் மேலே படிப்பதில்லை.

கேள்வி: ஏ.ஏ.வி. (அடினோ-அசோசியேட்டட் வைரஸ்) பாதுகாப்பானது என்கிறார்களே, அதில் போடக்கூடாதா?

இடம் பத்தாது. ஏ.ஏ.வி. ஏற்றுவது சுமார் 4.7 கிலோபேஸ் (ஒரு கிலோபேஸ் என்பது டி.என்.ஏ.வின் ஆயிரம் எழுத்து). வழக்கமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேஸ்9 மட்டுமே 4.1. ஸ்விட்சுக்கும் கைடுக்கும் எங்கே போவது? தவிர, ஏ.ஏ.வி. பெரும்பாலும் குரோமோசோமில் சேராது. செல் பிரியப் பிரிய நீர்த்துப்போகும். லென்டிவைரஸ் ஏறக்குறைய 9 கிலோபேஸ் வரை தாங்கும். ஆனால் ரயிலில் ஏற்றுகிற மாதிரி எல்லாவற்றையும் திணித்தால் டைட்டர் (ஒரு மில்லியில் வேலை செய்யும் வைரஸ் எத்தனை என்ற கணக்கு) விழும்.

கேள்வி: எனக்கு டைட்டர் ஏற்கெனவே விழுந்துதான் கிடக்கிறது, மேடம்.

ஃபில்டர் 0.45 மைக்ரானா, 0.22-ஆ? 0.45 வேண்டும். நைட்ரோசெல்லுலோஸ் என்றால் வைரஸை ஒட்டி வைத்துக்கொள்ளும், பி.ஈ.எஸ். என்ற பிளாஸ்டிக் ஃபில்டர் வாங்குங்கள். எடுத்ததைச் சின்னச் சின்னக் குழாயாக உறையவைத்து, ஒரே முறை உருக்குங்கள்.

கேள்வி: எம்.ஓ.ஐ. (ஒரு செல்லுக்கு எத்தனை வைரஸ் என்ற விகிதம்) 0.3 என்கிறார்கள். முக்கால்வாசி செல் வீணாகாதா?

ஆகட்டும். 100 செல்லில் சுமார் 26-க்கு வைரஸ் கிடைக்கும், அதில் 22-க்கு ஒரே பிரதி. மீதியை ப்யூரோமைசின் (வைரஸ் கிடைக்காத செல்லைக் கொல்லும் மருந்து) பார்த்துக்கொள்ளும். வைரஸை அள்ளிக் கொட்டினால் ஒரு செல்லுக்குள் நாலைந்து பிரதி சேரும். நாலைந்து குழாய், எல்லாம் சொட்டும்.

கேள்வி: வேலூரில் ஹீமோஃபிலியாவுக்கு லென்டிவைரஸ் சிகிச்சை என்று படித்தேன். அதுவும் இதுதானா?

வண்டி ஒன்று, சரக்கு வேறு. வேலூர் சி.எம்.சி. சோதனையில் ஐந்து நோயாளிகளின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களுக்குள் ரத்தம் உறைய உதவும் ஃபாக்டர் 8 ஜீனைச் சேர்த்தார்கள். வெட்டுவது என்ற பேச்சே இல்லை. 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த கேஸ்ஜெவி (அரிவாள் செல் நோய்க்கும் தலசீமியாவுக்கும் தரும் சிகிச்சை) அதற்கு நேர்மாறு. அதில் கேஸ்9 உண்டு, வைரஸ் கிடையாது. மின்துடிப்பு கொடுத்து உள்ளே அனுப்புகிறார்கள், சில நாளில் கரைந்துவிடுகிறது. ஆளின் உடம்பில் கத்தரிக்கோல் நிரந்தரமாகக் குடியிருப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். நம் டாக்ஸி ஸ்விட்ச் தட்டுக்குள் ஆராய்ச்சி செய்வதற்கு.

கேள்வி: இந்த லென்டிவைரஸ் எச்.ஐ.வி.யிலிருந்து வந்தது என்று அம்மாவிடம் சொன்னேன், லேபை விடச் சொல்கிறார். உண்மையில் ஆபத்தா?

வைரஸின் ஜீன்களை மூன்று நான்கு பிளாஸ்மிட்டில் பிரித்து வைத்திருப்பதாலும், எல்.டி.ஆர். என்ற வைரஸ் ஓரப் பகுதியில் ஒரு துண்டை நீக்கியிருப்பதாலும், உள்ளே நுழைந்தபின் அது பெருகாது. ஆனால் நுழையும், உங்கள் செல்லிலும் நுழையும். அதுவும் உங்கள் கைடு மனித பி53-ஐக் (புற்றுநோயைத் தடுக்கும் ஜீன்) குறிவைத்தது என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஊசிக்கு மூடி திரும்பப் போடாதீர்கள், கண்ணாடிப் பிப்பெட்டைத் தொடாதீர்கள், உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வராமல் தொடங்காதீர்கள். அம்மாவிடம் மட்டும் எச்.ஐ.வி. என்ற பேச்சை எடுத்திருக்க வேண்டாம்.