கம்ப்ரஷன் கேஜ் 50 காட்டுதுன்னு பழைய கோலர் என்ஜினை மாத்திடாதீங்க

கேள்வி: பழைய கார்டன் டிராக்டர் ஒண்ணு வாங்கியிருக்கேன். கப் கேடட் 108, 10 ஹெச்.பி கோலர் கே241 என்ஜின். பல வருஷம் ஷெட்ல சும்மா நின்ன வண்டி. செல்ஃப் நல்லா சுத்துது. கார்புரேட்டர் வாய்ல கொஞ்சம் பெட்ரோல் விட்டா ரெண்டு மூணு செகண்ட் ஓடிட்டு நின்னுடுது. வந்து பாத்த மெக்கானிக் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள்ள காத்து எவ்வளவு அழுத்தமா அமுங்குதுன்னு காட்டற மீட்டர்) போட்டுப் பாத்துட்டு "50 பி.எஸ்.ஐதான் வருது, போர் (பிஸ்டன் ஓடற சிலிண்டர் ஓட்டை) போயிடுச்சு, என்ஜின் வேலை பண்ணாம ஓடாது"ன்னுட்டார். அவருக்குத் தெரிஞ்சவர்கிட்ட ரீபில்ட் பண்ணி பெயின்ட் அடிச்ச என்ஜின் ரெடியா இருக்காம், நம்ம பழசைக் கொடுத்துட்டு மேல பணம் கட்டி எடுத்துக்கலாமாம். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீங்க. பழைய என்ஜினை யார் கேட்டாலும் கொடுக்காதீங்க, இந்த வாரம் இல்ல, அடுத்த மாசமும் இல்ல. நீங்க எழுதின நாலு வரியிலயே பதில் இருக்கு, பெட்ரோல் ஊத்தினா ரெண்டு மூணு செகண்ட் ஓடுதுன்னு சொல்றீங்களே, கம்ப்ரஷன் நிஜமாவே போன என்ஜின் அந்த ரெண்டு செகண்டும் ஓடாது. ஓடுதுன்னா ஸ்பார்க் இருக்கு, ஓரளவு கம்ப்ரஷன் இருக்கு, கார்புரேட்டர் தானா பெட்ரோல் கொடுக்கல, அவ்வளவுதான். பல வருஷம் நின்ன வண்டியில பெட்ரோல் காஞ்சு கோந்து மாதிரி ஒட்டி சின்ன ஓட்டையெல்லாம் அடைஞ்சு போறது சாதாரண விஷயம்.

அப்போ அந்த 50 எங்கிருந்து வந்துச்சு? கேஜ் பொய் சொல்லல, கேஜ் போட்டவர்தான் எந்த என்ஜின்ல போடறோம்னு பாக்கல. உங்க கே241 மாதிரி கோலர் கே சீரிஸ் என்ஜின்கள்ல கேம்ஷாஃப்ட் (வால்வைத் திறக்கற தண்டு) கியர்லயே ஒரு சின்ன ஏற்பாடு உண்டு, ஆட்டோமேட்டிக் கம்ப்ரஷன் ரிலீஸ்னு பேரு. செல்ஃப் போட்டு மெதுவா சுத்தும்போது ஒரு சின்ன நாக்கு எக்ஸாஸ்ட் வால்வை லேசா தூக்கிப் பிடிச்சிருக்கும், அதனால கொஞ்சம் காத்து வெளிய போயிடும், சுத்தறது ஈஸியா இருக்கும். என்ஜின் பத்திக்கிட்டு 600, 700 ஆர்.பி.எம் தாண்டினதும் அதுல இருக்கற வெயிட்டுங்க வெளிப்பக்கமா விரிஞ்சு அந்த நாக்கு விலகிடும், அப்புறம்தான் முழு கம்ப்ரஷன். கேஜ் போட்டு செல்ஃப் அடிக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வு லேசா திறந்திருக்கற என்ஜினைத்தான் அளக்கறீங்க. புத்தம் புது என்ஜின்லயும் நம்பர் கம்மியாத்தான் வரும். கே சீரிஸ் சர்வீஸ் மேனுவல்லயே இதைப் பத்தி எழுதியிருக்கு, படிக்கத்தான் ஆளில்ல. காருக்கு இத்தனை பி.எஸ்.ஐ வரணும்னு மனப்பாடம் பண்ணி வெச்சதை அப்படியே இதுக்கும் போட்டு, நல்ல என்ஜினைப் பிரிச்சு எறியறாங்க. இதைப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப் போச்சு.

(ரொம்ப ஆரம்ப காலத்து கே சீரிஸ் சிலதுல இந்த ரிலீஸ் கிடையாது, அதுக்குப் பதிலா ஸ்பார்க் வர்ற நேரத்தைத் தானா மாத்தற (ஸ்பார்க் அட்வான்ஸ்) கேம் வந்துச்சு. உங்களது 1970-கள் வண்டி, அதைப் பத்தி யோசிக்க வேண்டாம்.)

நீங்களே பாத்துக்கற மாதிரி ஒரு டெஸ்ட் சொல்றேன், கருவி எதுவும் வேண்டாம். சாவியை எடுத்துடுங்க, ப்ளக் ஒயரைக் கழட்டி ஓரமா ஒதுக்கி வைங்க, ப்ளக் மட்டும் அதோட எடத்துலயே இருக்கட்டும். இப்போ என்ஜின் வழக்கமா சுத்தற திசைக்கு எதிர்த்திசையில கையால மெதுவா சுத்துங்க. ஒரு எடத்துல கெட்டியா தடுக்கும். அங்க கொஞ்சம் அழுத்திட்டு விட்டா சட்டுனு உங்க கையைத் திருப்பி அடிக்கணும். அப்படி அடிச்சா கம்ப்ரஷன் இருக்கு, ஏன்னா பின்னாடி சுத்தும்போது அந்த ரிலீஸ் நாக்கு குறுக்க வராது. தடையே இல்லாம சொத சொதன்னு சுத்திக்கிட்டே போச்சுன்னா மட்டும்தான் அடுத்த கட்டம். அங்கயும் போர்னு அவசரப்பட்டு முடிவு கட்டாதீங்க.

அடுத்த கட்டம் லீக் டவுன் டெஸ்ட். பிஸ்டனை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் உச்சியில நிறுத்தணும், ஃப்ளைவீல்ல டி மார்க் இருக்கும், அந்த நிலையில ரெண்டு வால்வும் மூடியிருக்கும். ப்ளக் ஓட்டை வழியா கம்ப்ரஸர் காத்தை உள்ள விட்டுட்டு எங்க சத்தம் வருதுன்னு காது வெச்சுக் கேளுங்க (காத்து விடும்போது கிராங்க், அதாவது பிஸ்டன் சுத்த வைக்கற தண்டு, சட்டுனு சுத்தப் பாக்கும், கெட்டியா பிடிச்சிருக்கணும், பெல்ட் பக்கம் விரல் வைக்கக் கூடாது). கார்புரேட்டர்ல உஸ்ஸுனு வந்தா இன்டேக் வால்வு, சைலன்ஸர்ல வந்தா எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊத்தற வாயிலயோ ப்ரீதர்லயோ (என்ஜின் அடிப்பாகத்துக் காத்து வெளிய போற வழி) பலமா வந்தாத்தான் பிஸ்டன் ரிங்கும் போரும். பல வருஷம் நின்ன வண்டியில பெரும்பாலும் மாட்டறது வால்வுதான். நின்னபோது எந்த வால்வு திறந்திருந்துச்சோ அதோட தண்டுலயும் சீட்லயும் துரு பிடிச்சிருக்கும். இது சைடு வால்வு என்ஜின், வால்வு ரெண்டும் பிளாக்லயே இருக்கு, ஹெட்டுங்கறது மேல வெச்ச ஒரு மூடி மாதிரிதான். ஹெட் போல்ட்டைக் கழட்டித் தூக்கினா வால்வு கண்ணு முன்னாடி தெரியும், பேஸ்ட் போட்டுத் தேய்ச்சு உக்கார வெச்சா முடிஞ்சது. என்ஜினை வண்டியிலேருந்து இறக்கக்கூட வேண்டாம். ஹெட் கேஸ்கெட் மட்டும் புதுசு போடுங்க, போல்ட்டை மேனுவல்ல இருக்கற வரிசையில டார்க் ரெஞ்ச் வெச்சு டைட் பண்ணுங்க.

இப்போ அந்த எக்ஸ்சேஞ்ச் விஷயத்துக்கு வர்றேன், நான் எழுத உக்காந்ததே இதுக்காகத்தான். கே241 பிளாக் வார்ப்பிரும்பு, தனியா லைனர் கிடையாது, பிஸ்டன் நேரா பிளாக்குக்குள்ளயே ஓடுது. ஸ்டாண்டர்ட் போர் 3.25 இன்ச். தேஞ்சா கடைஞ்சு பெருசாக்கணும், முதல்ல 0.010 இன்ச், அப்புறம் 0.020, கடைசியா 0.030 ஓவர்சைஸ், இந்த அளவுகளுக்குத்தான் வழக்கமா பிஸ்டனும் ரிங்கும் கிடைக்கும். 0.030 போயிட்டா அதுக்கு மேல ஸ்லீவ் (உள்ள தனியா ஒரு குழாய்) அடிக்கறதைத் தவிர வழியில்ல. அதனால ஸ்டாண்டர்ட் போர் பிளாக்னா இந்த ஹாபியில அது சொத்து. உங்க வண்டியை இதுவரை யாரும் பிரிக்காம இருந்தா உங்ககிட்ட இருக்கறது அதுவாத்தான் இருக்கும். எக்ஸ்சேஞ்ச் ஆளுக்கு இது நல்லாத் தெரியும். உங்க ஸ்டாண்டர்ட் பிளாக்கை அவர் எடுத்துட்டு, 0.030 போட்டு உயிர் முடியப் போற பிளாக்குக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சு உங்ககிட்ட தருவார், நீங்க மேல பணமும் கட்டுவீங்க. பெயின்ட் அடிச்சுட்டா உள்ள என்ன இருக்குன்னு எவனுக்குத் தெரியும்? "ரீபில்ட்"னு சொல்றவர்கிட்ட நான் கேக்கச் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: போர் அளவு என்ன, கிராங்க் பின் (கிராங்க்ல பிஸ்டனோட கனெக்டிங் ராடு மாட்டற எடம்) அளவு என்ன, எழுதிக் கொடுங்க. மேல, நடுவுல, கீழ, ரெண்டு திசையில அளந்த நம்பர் காகிதத்துல இருந்தா மேல பேசலாம். "நம்பிக்கையா எடுத்துட்டுப் போங்க"ன்னு வந்தா திரும்பிப் பாக்காம வந்துடுங்க. உங்க சொந்த என்ஜினையே ரீபோர் பண்ணணும்னு யாராவது சொன்னாலும் இதே கேள்விதான், அளக்காம போர் பண்றவன்கிட்ட பிளாக்கைக் கொடுத்தீங்கன்னா ஒரு ஓவர்சைஸ் வீணாப் போச்சு.

எக்ஸ்சேஞ்ச் என்ஜின் பொருந்தறதும் இன்னொரு தலைவலி. கோலர் கே சீரிஸை வீல் ஹார்ஸ், ஜான் டியர், கப் கேடட்னு பல வண்டியில போட்டாங்க. மத்ததுல பலதும் பெல்ட்ல ஓடறது, அந்தக் காலத்து கப் கேடட்ல ஃப்ளைவீல் பக்கத்துலேருந்து டிரைவ் ஷாஃப்ட் நேரா பின்னாடி போகுது. ஆயில் பேனும் (அடியில ஆயில் நிக்கற தட்டு) வேற. அதனால "அதே கே241தான் சார்"னு ஒரு வீல் ஹார்ஸ் என்ஜினைத் தள்ளி விட்டா அது அப்படியே உக்காராது, உங்க பழைய பேனும் மத்த சாமானும் வேணும், அதெல்லாம் அந்த நேரம் அவர்கிட்ட போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆனா உள்ள போற பிஸ்டன், ரிங்கு, வால்வு, கேஸ்கெட், பாயிண்ட் (ஸ்பார்க் வர வைக்கற சின்ன சுவிட்ச்) இதெல்லாம் பெரும்பாலும் ஒண்ணேதான். இங்கதான் அடுத்த கொள்ளை. டிராக்டர் பேரைச் சொல்லிக் கேட்டா ஒரு ரேட்டு, என்ஜின் பேரைச் சொன்னா வேற ரேட்டு, டப்பா மட்டும்தான் மாறும். அதனால டிராக்டர் மாடலை மறந்துடுங்க, என்ஜின் கவர்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்லயோ தகட்டுலயோ மாடல், ஸ்பெக், சீரியல்னு மூணு நம்பர் இருக்கும், அதை போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு அதை வெச்சே பார்ட் கேளுங்க. பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி எடுங்க, அழகு பண்றேன்னு அதுமேலயே ஸ்ப்ரே அடிச்சு அழிச்சவங்க எத்தனை பேர்! கப் கேடட் பிஸினஸை, அதைச் செஞ்ச இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1981-ல எம்.டி.டிங்கற கம்பெனிகிட்ட வித்துட்டாங்க, கை மாறினா நம்பரும் மாறும், கவுன்டர்ல இருக்கற பையன் கம்ப்யூட்டர்ல தட்டிட்டு "அது வர்றதில்ல"ன்னு ஒரே வார்த்தையில அனுப்பிடுவான். அதே பார்ட் என்ஜின் நம்பர்ல தேடினா பக்கத்து ஷெல்ஃப்லயே இருக்கும். ஒரு கேஸ்கெட்டுக்கு மனுஷன் துப்பறியணுமா?

சரி, என்ஜினைப் பிரிச்சே ஆகணும்கற நிலைமை ஒண்ணு நிஜமாவே உண்டு, அதைக் கண்டிப்பா பாக்கணும், கார்புரேட்டர்ல கை வைக்கறதுக்கு முன்னாடியே பாருங்க. இந்த என்ஜின்ல ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடு அடியில ஒரு கரண்டி மாதிரி நீட்டிக்கிட்டிருக்கும், அது சுத்தும்போது ஆயிலை அள்ளி எல்லா பக்கமும் தெளிக்கும், அதுதான் மொத்த லூப்ரிகேஷனும். ராடு அலுமினியம், நடுவுல தனி பேரிங் ஷெல் இல்லாம நேரா கிராங்க்லயே ஓடுது. ஆயில் கொஞ்சம் கம்மியா இருந்தாலோ, சரிவுல சாய்ச்சு ரொம்ப நேரம் ஓட்டியிருந்தாலோ முதல்ல அடி வாங்கறது இந்த ராடுதான், அது உடைஞ்சா பிளாக்கையே குத்தி ஓட்டை போட்டுடும், அப்புறம் ஸ்டாண்டர்ட் போராவது ஒண்ணாவது. முதல் வேலையா பழைய ஆயிலை ஒரு வெள்ளை டப்பாவுல வடிச்சு வெயில்ல பாருங்க. வெள்ளி ஜிகினா மாதிரி மினுக்குச்சுன்னா அலுமினியம் உதிருதுன்னு அர்த்தம். அப்புறம் ப்ளக்கைக் கழட்டிட்டு பிஸ்டனைப் பாதி தூரத்துல நிறுத்துங்க, ஒரு மரக்குச்சியை ப்ளக் ஓட்டை வழியா பிஸ்டன் தலையில படற மாதிரி லேசா பிடிங்க, இன்னொரு கையால கிராங்க்கை கொஞ்சூண்டு முன்னாடி பின்னாடி ஆட்டுங்க. கிராங்க் அசைஞ்ச உடனே குச்சியும் அசையணும். கிராங்க் அசையுது, குச்சி சும்மா நின்னுட்டு அப்புறமா டக்குனு அசையுதுன்னா ராடு தேஞ்சிருக்கு. அப்படி இருந்தா ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, பெட்ரோல் ஊத்தி "ஒரு தடவை சத்தம் மட்டும் கேப்போம்"னு கூட வேண்டாம். இறக்கிப் பிரிங்க, கிராங்க் பின்னை அளங்க, தேஞ்சிருந்தா கிரைண்ட் பண்ணி அந்தச் சின்னதான பின்னுக்குப் பொருந்தற 0.010 அண்டர்சைஸ் ராடு போடுங்க. அப்பவும் போர் நல்லா இருந்தா போரைத் தொடாதீங்க, ராடு போனதுக்கு போர் எதுக்கு? பிரிச்ச கையோட உள்ள பேலன்ஸ் கியர் (ஆட்டத்தைக் குறைக்க வெச்ச கியர்) இருந்தா அதைக் கழட்டி வெச்சுடுங்க, வைப்ரேஷன் கொஞ்சம் கூடும், ஆனா அது உடைஞ்சா பிளாக் காலி.

ராடு டைட்டா இருக்கா, ஆயில் சுத்தமா இருக்கா, அப்போ உங்க வேலை ஒரு லீவு நாள்ல முடியும். டேங்க்கை முழுசா வடிங்க, பெட்ரோல் ட்யூபை மாத்துங்க, கார்புரேட்டரைக் கழட்டிப் பிரிச்சு க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சு ஒவ்வொரு ஓட்டையிலயும் காத்து அடிங்க, கம்பி விட்டுக் குத்தாதீங்க. அட்ஜஸ்ட் பண்ற நீடில் ஸ்க்ரூவை உள்ள திருகும்போது இறுக்காதீங்க, முனையில வளையம் விழுந்துட்டா அப்புறம் ட்யூனே நிக்காது. அடுத்து பாயிண்ட், பல வருஷத்துல அது மேல படிஞ்சிருக்கற படலத்தை ஒரு கெட்டிக் காகிதத்தால துடைச்சுட்டு இடைவெளி 0.020 இன்ச் வைங்க. சரியா வைக்கணும்னா ஃப்ளைவீல்ல எஸ் மார்க் பாக்கற ஓட்டைக்கு நேரா வரும்போது பாயிண்ட் அப்பத்தான் திறக்க ஆரம்பிக்கணும். சிலிண்டர்ல ரெண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, ப்ளக் இல்லாம கையால நாலு சுத்து சுத்திட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. முதல்ல நீலப் புகை வரும், பயந்துடாதீங்க, ஒட்டிக்கிட்டிருந்த ரிங்கு ஓட ஓட விடுபடும். கவர்னர் (என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தறது) ஸ்ப்ரிங்கை மட்டும் இழுத்துக் கட்டாதீங்க, 3600 ஆர்.பி.எம்-தான் இதோட எல்லை, அதுக்கு மேல போனா ராடும் ஃப்ளைவீலும் தாங்காது, ஃப்ளைவீல் வெடிச்சா பக்கத்துல நிக்கறவங்களுக்கு உயிர் ஆபத்து.

கொஞ்ச நாள் வேலையில வெச்சு ஓட்டிட்டு ஆயிலை ஒரு தடவை மாத்துங்க, அதுக்கப்புறம் லீக் டவுன் போட்டுப் பாருங்க. அப்பவும் ப்ரீதர்ல காத்து பலமா வந்து, ஆயிலும் குடிச்சுதுன்னா, அன்னைக்கு போரை அளந்து நம்பரை எழுதி அனுப்புங்க, ரிங்கு மட்டும் போதுமா ரீபோர் வேணுமான்னு அதைப் பாத்துச் சொல்றேன்.