எஞ்சினைக் கடைசியில் பேசலாம்: சொந்தமாகப் பக்கி கட்டுபவர்களுக்குக் கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எஞ்சின் பற்றியவை. அவற்றை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். இதுவரை மூன்று பக்கி, அதாவது மண்ணிலும் மேட்டிலும் ஓட்டும் திறந்த சின்ன வண்டி, கட்டியிருக்கிறேன். மூன்றிலும் என்னைப் பாதி வழியில் நிறுத்தியது எஞ்சின் அல்ல. ஏதோ ஒரு போல்ட்டு, ஒரு வெல்டு, ஒரு சின்னத் தகடு.

அண்ணா, வீட்டில் ஜிஐ தண்ணீர் பைப் நிறையக் கிடக்கிறது. அதிலேயே கூண்டு கட்டலாமா?

வேண்டாம். அது தண்ணீர் கொண்டுபோகச் செய்த பைப். வண்டி கவிழ்ந்து உருளும்போது உங்கள் தலையைக் காக்கச் செய்ததல்ல. மேலே இருக்கிற துத்தநாகப் பூச்சு வேறு வெல்டிங்கைக் கெடுக்கும். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். எனக்கு வந்திருக்கிறது.

மாணவர்கள் பக்கி கட்டி ஓட்டும் பாஹா எஸ்ஏஇ போட்டியின் விதியை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். சின்ன எஞ்சின் போட்ட ஒற்றை இருக்கை வண்டிக்கு, கூண்டின் முக்கியக் குழாய்கள் 25.4 மி.மீ வெளிவிட்டமும் 3 மி.மீ தடிமனும் உள்ள எஃகாக, குறைந்தது 0.18 சதவீதம் கார்பன் உள்ளதாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. வண்டி பெரிதானால் குழாயும் பெரிதாக வேண்டும்.

ஒரு கணக்கு. அதே எஃகில் 31.75 மி.மீ விட்டமும் 1.65 மி.மீ தடிமனும் உள்ள குழாய் எடுத்தால் எடை கால்வாசி குறையும், விறைப்பு முப்பது சதவீதம் போலக் கூடும். விட்டம்தான் விறைப்பைத் தருகிறது. ஆனால் மெல்லிய சுவரைக் கல் நசுக்கும், வெல்டிங் கை பழகாதவர் ஓட்டை போட்டுவிடுவார். முதல் வண்டிக்குத் தடித்த குழாயே நல்லது.

குரோமோலி வாங்கினால் விறைப்பு கூடுமா?

கூடாது. குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்த எஃகு அது. வலிமைதான் கூடும். விறைப்பு சாதாரண எஃகுக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒன்றே. டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் முனையால் பற்றவைக்கும் முறை) கை தேர்ந்தவர் இல்லையென்றால் அந்தப் பணத்தை ஷாக் அப்சார்பரில் போடுங்கள்.

நான் போடும் வெல்டு நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வண்டியில் தெரிந்துகொள்ளக் கூடாது. அதே குழாயின் துண்டு இரண்டை டி வடிவில் பற்றவைத்து, ரம்பத்தால் நடுவே அறுத்துப் பாருங்கள். உலோகம் உள்ளே இறங்கியிருக்கிறதா, மேலே ஒட்டிக்கொண்டு மட்டும் நிற்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். இன்னொரு துண்டைச் சுத்தியலால் அடித்து மடக்குங்கள். குழாய் வளைய வேண்டும், வெல்டு பிரியக் கூடாது.

குழாய் முனையை மீன் வாய் போல வெட்டி, இடைவெளி இல்லாமல் பொருத்துங்கள். இடைவெளியை வெல்டிங் கம்பியால் நிரப்புவது ஏமாற்று வேலை. முழுக் கூண்டையும் முதலில் டாக் (சின்னச் சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் போட்டு, மூலைவிட்டங்களை அளந்து சரிபார்த்த பிறகு, ஒரு பக்கம் கொஞ்சம் எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடியுங்கள். ஒரே ஓரமாக ஓட்டினால் கூண்டு முறுக்கிக்கொள்ளும்.

பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது. ரேக்கில் ஆட்டம் இல்லை, டயரும் புதுசு. என்ன கோளாறு?

இதற்குப் பெயர் பம்ப் ஸ்டீயர். உங்கள் ரேக், அதாவது ஸ்டீயரிங் திரும்பும்போது இடமும் வலமும் நகரும் பல்சட்டம், தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. என் முதல் வண்டியில் இதே கதைதான். பிராக்கெட் போட வசதியான இடம் எது என்று பார்த்து ரேக்கை மாட்டினேன். மேடு வந்தால் வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

சக்கரம் மேலும் கீழும் போகும்போது அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஏ-ஆர்ம் ஒரு வட்ட வில்லில் நகர்கிறது; ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடும் தன் வில்லில் நகர்கிறது. இரண்டு வில்லும் ஒத்துப்போகவில்லையென்றால் டை ராடு சக்கரத்தைத் தள்ளும் அல்லது இழுக்கும். டை ராடின் உள் முனை, மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் இரண்டின் உள் மூட்டுகளைச் சேர்க்கும் கோட்டில் வர வேண்டும். வெளி முனை, ஆர்ம்களின் சக்கரப் பக்க மூட்டுகளான பால் ஜாயின்ட்டுகளைச் சேர்க்கும் கோட்டுக்கு முன்னாலோ பின்னாலோ தள்ளி நிற்பது வழக்கம். அப்போது உள் முனையையும் அதே அளவு தள்ளுங்கள். டை ராடை நீட்டினால், ஆர்ம் இரண்டையும் நீட்டிய கோடுகள் சந்திக்கும் புள்ளியிலேயே அதுவும் போய்ச் சேர வேண்டும்.

சோதிப்பது சுலபம். ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள், ஸ்டீயரிங்கை நேராகக் கட்டுங்கள், ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஒரு நேரான பலகையை மாட்டுங்கள். சக்கரத்தை அடியிலிருந்து உச்சி வரை ஜாக்கியால் சிறிது சிறிதாகத் தூக்கி, பலகையின் முன் முனையும் பின் முனையும் எவ்வளவு நகர்கின்றன என்று அளந்து எழுதுங்கள். ரேக்கை 5 மி.மீ ஏற்றினாலும் இறக்கினாலும் வித்தியாசம் தெரியும். இதை எல்லாவற்றையும் டாக் நிலையிலேயே செய்துவிட்டால் கிரைண்டருக்கு வேலை மிச்சம்.

பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது. பிரேக் குழாயிலிருந்து காற்றை மூன்று முறை எடுத்துவிட்டேன்.

காற்று எல்லாம் போய்விட்டதென்றால் பெடல் பிராக்கெட்டைப் பாருங்கள். காலால் மிதிக்கும்போது பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அந்தத் தகடு வளைகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். பல நேரம் வளையும். பெடல் விகிதம் 5:1 அல்லது 6:1 அளவில் இருக்கட்டும். முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் தனித்தனி பிரேக் சர்க்யூட் கட்டாயம்.

பிரேக் எண்ணெய் பழையதா? டாட் 4 தர எண்ணெய் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். கடைசிச் சோதனை: மண் தரையில் ஓடும்போது ஒரே மிதியில் நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும்.

பழைய காரின் சீட் பெல்ட்டே போதாதா, சார்?

போதாது. ஐந்து புள்ளி பெல்ட், சீட்டில் அல்ல, கூண்டோடு சேர்த்து. கை வெளியே வீசாமல் இருக்கக் கைக்கட்டும் வேண்டும். ஹெல்மெட்டுக்கும் கூண்டுக்கும் நடுவே 6 அங்குலம்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எதைப் பார்க்க வேண்டும்?

கூண்டுக்கு வெளிர் நிறப் பெயின்ட் அடியுங்கள். விரிசல் துருக்கோடாக உடனே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு நட்டிலும் போல்ட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டால், தளர்ந்தது எது என்று நடந்துகொண்டே பார்க்கலாம். சஸ்பென்ஷனில் 8.8 தரத்துக்குக் குறைந்த போல்ட்டு வேண்டாம். நைலாக் நட்டைக் (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு) கழற்றினால் புதிது போடுங்கள். ராட் எண்டுகளை (கம்பி முனையில் வரும் உருண்டை மூட்டு) இரண்டு தகடுகளுக்கு நடுவே மாட்டுங்கள். ஒற்றைத் தகட்டில் தொங்கவிட்டால் போல்ட்டு வளையும்.

பிரஷர் வாஷரைப் பேரிங் பக்கம் காட்டாதீர்கள், சேறு போவதற்குப் பதில் உள்ளே போகும். ஃபோம் ஏர் ஃபில்ட்டரைக் கழுவி, காயவைத்து, எண்ணெயில் நனைத்துப் பிழிந்து மாட்டுங்கள்.

பைக் எஞ்சின் போடலாமா? ரிவர்ஸ் இல்லையே?

சரி, எஞ்சினுக்கு வந்துவிட்டோம். போடலாம். பின்னால் வைத்தால் எடை ஓட்டும் சக்கரங்கள் மேல் விழும், மண்ணில் பிடிப்பு கிடைக்கும். 1964-ல் புரூஸ் மேயர்ஸ் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பாகங்களை வைத்துக் கட்டிய மேயர்ஸ் மேங்க்ஸ் பக்கியிலும் எஞ்சின் பின்னால்தான். ஆனால் பைக்கில் கிடைத்த காற்று சீட்டுக்குப் பின்னால் கிடைக்காது, விசிறி வையுங்கள். வண்டி எடை பைக்கைப் போல இரண்டு மடங்காவது வரும், அதனால் பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்காவிட்டால் கிளட்ச் கருகும். செயின் தளர்வை வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது அளக்காதீர்கள். எஞ்சின் ஸ்ப்ராக்கெட், பின் ஆர்ம் மூட்டு, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் நிலையில்தான் செயின் மிகவும் இறுகும்; அங்கே அளந்து பாருங்கள். ரிவர்ஸ் இல்லாமல் ஓட்டலாம், மாட்டிக்கொண்டால் இறங்கித் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், "கூண்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை, எஞ்சின் வாங்கிவிட்டேன்" என்று எழுதிய தம்பிக்கு: அதன் மவுண்ட் துளைகளை அட்டையில் படியெடுத்துக்கொண்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, திரும்ப மாட்டி, துணியால் மூடி ஓரமாக வையுங்கள்.