கிரியோல் சாஸை ஜாரில் அடைக்காதீர்கள், தக்காளியை அடையுங்கள்

கேள்வி: நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தில் மெட்டரியில் இருக்கிறோம். ஜூனில் ஒரு பெட்டி கிரியோல் தக்காளி வாங்கினேன். வெங்காயம், செலரி, குடைமிளகாய், பூண்டு வதக்கி, வெண்ணெயில் மாவு வறுத்துச் சேர்த்து கிரியோல் சாஸ் செய்தேன். புளிப்பு தூக்கலாக இருந்ததால் கொஞ்சம் ஆப்ப சோடா போட்டேன். கொதிக்கக் கொதிக்க மேசன் ஜார்களில் (உணவை அடைத்து வைக்கும் கண்ணாடி ஜார்) ஊற்றி, மூடி, கவிழ்த்து வைத்தேன். எல்லா மூடியும் 'டப்' என்று உள்ளே இழுத்துக்கொண்டன. மூன்று வாரமாக அலமாரியில் இருக்கிறது. இப்போது ஒரு ஜாரின் மூடி மட்டும் லேசாக உப்பியிருக்கிறது. மற்ற ஜார்களைக் குக்கரில் வைத்து நாலு விசில் விட்டுத் தீபாவளி வரை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. உப்பியதும் வேண்டாம், உப்பாததும் வேண்டாம், எல்லா ஜாரையும் எறிந்துவிடுங்கள். ருசி பார்த்து முடிவு செய்யலாம் என்று ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்காதீர்கள். ஜாரைத் திறக்காமல் அப்படியே கனமான குப்பைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டிக் குப்பையில் சேருங்கள். ஏதாவது ஒரு ஜார் கசிந்திருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கசிந்த இடத்தில் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி அரை மணி நேரம் விட்டுத் துடையுங்கள். ஒரு பெட்டித் தக்காளியும் ஒரு நாள் முழுக்க நின்ற உழைப்பும் போகிறது, மனசு கேட்காது, தெரியும். ஆனாலும் இதில் பேரம் கிடையாது.

ஏன் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். போட்டுலினம் என்று ஒரு கிருமி, மண்ணில் எங்கும் இருப்பது. அதன் வித்துகள் கொதிக்கிற தண்ணீரில் சாகாது, 116 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால்தான் சாகும், அதற்கு அழுத்தம் வேண்டும். காற்று இல்லாத, புளிப்புப் போதாத, ஈரமான இடம் கிடைத்தால் அந்த வித்து முளைத்து நஞ்சு விடும். இறுக மூடிய ஜார் அப்படிப்பட்ட இடம்தான். புளிப்பு எவ்வளவு வேண்டும் என்றால் பி.எச். அளவு 4.6 அல்லது அதற்குக் கீழே; இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். தக்காளி இயல்பாகவே இந்தக் கோட்டை ஒட்டித்தான் நடக்கிறது, சில தக்காளி 4.3, சில 4.9. அதில் நீங்கள் வெங்காயம், செலரி, குடைமிளகாய் என்று புளிப்பே இல்லாத காய்களை அள்ளிக் கொட்டியிருக்கிறீர்கள். மாவும் வெண்ணெயும் சேர்த்து, ஜாரின் நடுவரை சூடு போகாதபடி கெட்டியாக்கியிருக்கிறீர்கள். கடைசியில் ஆப்ப சோடா. இருந்த கொஞ்ச நஞ்சப் புளிப்பையும் அது கொன்றுவிட்டது.

அன்றைக்கே சாப்பிடுகிற சாஸில் ஒரு சிட்டிகை சோடா போட்டால் ஒன்றும் ஆகாது. அலமாரியில் வைக்கிற எதிலும் போடவே கூடாது.

அந்த 'டப்' சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி அதில்தான் வந்து நிற்கிறது. மூடி உள்ளே இழுத்துக்கொண்டது என்றால் உள்ளே காற்று இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். கிருமி இல்லை என்று அர்த்தமே இல்லை. சொல்லப்போனால் அந்தக் கிருமிக்குக் காற்று இல்லாததுதான் வசதி. மூடி உப்பாமலும், வாடை வராமலும், நிறம் மாறாமலும்கூட நஞ்சு இருக்கலாம். ஜாரைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று பளபளப்பான சமையலறையில் நின்று சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள் லட்சக்கணக்கானவர்களிடம் போகின்றன. சரியான முறை சொல்லும் அரசுக் கையேடு மூலையில் கிடக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில், பவுண்டிலும் ஃபாரன்ஹீட்டிலும். மூடி விற்கும் கடை அலமாரியில் பெரிய எழுத்தில் ஒரு எச்சரிக்கை ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்? பல வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2015 ஏப்ரலில் ஒஹையோ மாநிலத்தில் லங்காஸ்டர் என்ற ஊரில் ஒரு தேவாலய விருந்தில் 29 பேர் இந்த நஞ்சால் படுத்தார்கள், ஒருவர் இறந்தார். காரணம், வீட்டில் ஜாரில் அடைத்த உருளைக்கிழங்கு. அழுத்தம் இல்லாமல் வெறும் கொதிநீரில் பதப்படுத்தியிருந்தார்கள்.

அடுத்தது குக்கர். நம் வீடுகளில் எல்லாருக்கும் வருகிற யோசனை இது, நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். நாம் பருப்பு வைக்கிற குக்கர் இதற்கு ஆகாது. உள்ளே அழுத்தம் ஏறி, விசிலில் இறங்கி, மறுபடி ஏறுகிறது. ஜாருக்கு வேண்டியது இறங்காமல் ஒரே நிலையில் நிற்கிற அழுத்தம், குறிப்பிட்ட நிமிஷம். அதோடு, சோதித்துப் போட்ட நேரக் கணக்கெல்லாம் குறைந்தது நாலு குவார்ட் ஜார் (குவார்ட் என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர்) நிற்கக்கூடிய பெரிய பாத்திரத்துக்கானவை. அது சூடாக எடுக்கும் நேரமும் ஆற எடுக்கும் நேரமும் அந்தக் கணக்குக்குள் அடக்கம். சின்னக் குக்கர் சீக்கிரம் சூடாகி சீக்கிரம் ஆறிவிடும், அந்தச் சூட்டை நீங்கள் இழந்துவிடுகிறீர்கள். நாலு விசிலோ நாற்பது விசிலோ, அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. எல்லாவற்றையும் ஒரே பானையில் செய்கிற எலெக்ட்ரிக் குக்கரும் அப்படித்தான். சிலவற்றில் கேனிங், அதாவது ஜாரில் அடைத்துப் பதப்படுத்துவது, என்று ஒரு பொத்தானே இருக்கிறது. விற்பவர் 'வேளாண் துறை ஒப்புதல் பெற்றது' என்பார். அமெரிக்க வேளாண் துறை எந்தக் கம்பெனிப் பானைக்கும் ஒப்புதல் முத்திரை கொடுப்பதில்லை, அந்த வாசகத்தைப் பார்த்ததுமே பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

சரி, அப்போது ஒழுங்கான பிரஷர் கேனர், அதாவது ஜார்களுக்கென்றே செய்த பெரிய அழுத்தப் பாத்திரம், வாங்கினால் இந்தச் சாஸை அடைக்கலாமா என்று கேட்பீர்கள். இங்கே ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் காட்டித்தான் எல்லாரும் வாதாடுகிறார்கள். வேளாண் துறைக் கையேட்டில் இறைச்சி சேர்க்காத தக்காளி சாஸ் ஒன்று இருக்கிறது, சோதித்துப் பார்த்த முறை. 30 பவுண்டு தக்காளி, அதற்கு வெங்காயம் ஒரே ஒரு கப். ஐந்து பல் பூண்டு. செலரி அல்லது குடைமிளகாய், இரண்டில் ஏதோ ஒன்று, அதுவும் ஒரு கப். இஷ்டப்பட்டால் ஒரு பவுண்டு காளான். மாவு கிடையாது. பாதியாக வற்றும்வரை கொதிக்கவிட்டு, பிரஷர் கேனரில் பைன்ட் (அரை குவார்ட்) ஜாருக்கு 20 நிமிஷம், குவார்ட்டுக்கு 25 நிமிஷம். வெங்காயம், குடைமிளகாய், காளான் அளவைக் கூட்டக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இப்போது உங்கள் சட்டியைப் பாருங்கள். கிரியோல் சாஸுக்கு உயிரே வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய் மூன்றும் சேர்ந்ததுதான். 30 பவுண்டுக்கு இரண்டு கப் காய் போட்டால் கிடைப்பது நல்ல தக்காளி சாஸ், கிரியோல் சாஸ் இல்லை. காயைக் கூட்டிவிட்டு அதே 20 நிமிஷத்தை வைத்துக்கொண்டால், யாரும் சோதிக்காத ஒரு பண்டத்துக்கு வேறு பண்டத்தின் நேரத்தைக் கொடுக்கிறீர்கள். எனவே இந்த விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் உங்களுக்கு உதவாது.

உங்களுக்கு உதவுவது இது: சாஸை அடைக்காதீர்கள், தக்காளியை மட்டும் அடையுங்கள். வேண்டும்போது ஒரு ஜாரைத் திறந்து, முக்கால் மணி நேரத்தில் புதுசாகச் சாஸ் வையுங்கள். ருசியும் அதில்தான் இருக்கிறது, மாதக்கணக்கில் ஜாரில் கிடந்த குடைமிளகாய் கசக்கும்.

வெறும் தக்காளிக்குக் கேனர்கூட வேண்டாம்; எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பி.எச். அளவை 4.6க்குக் கீழே இறக்கிவிடுவதால் கொதிநீரே போதும், ஆழமான பெரிய பாத்திரமும் அடியில் ஒரு தட்டும் போதும். தக்காளியைக் கொதிநீரில் அரை நிமிஷம் போட்டு எடுத்தால் தோல் உரிந்து வரும். காம்புப் பகுதியை நீக்கி நாலாக வெட்டுங்கள். ஆறில் ஒரு பங்கை முதலில் சட்டியில் போட்டு மசித்துக் கொதிக்கவிட்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, எல்லாம் சேர்ந்தபின் ஐந்து நிமிஷம் கொதிக்கட்டும். ஒவ்வொரு ஜாரிலும் முதலில் எலுமிச்சைச் சாறு: பைன்ட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி, குவார்ட்டுக்கு இரண்டு. கடையில் பாட்டிலில் விற்கும் சாறுதான் வேண்டும், பழம் பிழிந்தது வேண்டாம், பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும். சூடான தக்காளியை மேலே அரை அங்குலம் விட்டு நிரப்பி, விளிம்பைத் துடைத்து மூடுங்கள். மூடிக்கு மேல் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும், அது தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு பைன்ட்டுக்கு 35 நிமிஷம், குவார்ட்டுக்கு 45 நிமிஷம். 25 பவுண்டுப் பெட்டிக்கு ஏறக்குறைய ஒன்பது குவார்ட் வரும். வெங்காயம், பூண்டு, எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒரு பல் பூண்டுதானே என்று ஆரம்பிப்பார்கள், அதையும் போடாதீர்கள்.

தக்காளி வாங்கும்போதும் கவனம். பிளாக்கமின்ஸ், செயின்ட் பெர்னார்ட் பக்கத்து ஆற்று வண்டல் மண்ணில் விளைந்ததைத்தான் இந்த ஊர்க்காரர்கள் கிரியோல் என்பார்கள், ஜூனில் ஃபிரெஞ்ச் மார்க்கெட்டில் அதற்கென்றே விழாவும் நடக்கும். சாலையோரத்தில் வேனை நிறுத்தி மார்ச் மாதமே 'கிரியோல்' என்று அட்டை வைத்து விற்பவர் பெரும்பாலும் மொத்த மார்க்கெட் பெட்டியைப் பிரித்தவர். காயாகப் பறித்து எத்திலீன் வாயுவில் பழுக்க வைத்த பழம் அது. பழத்தின் மேல் ஸ்டிக்கர் பிய்த்த இடம் பிசுபிசுவென்று இருக்கும், விரலால் தடவினாலே தெரியும். உண்மையான பழம் ஒன்றுக்கொன்று ஒரே அளவில் இருக்காது, தோளில் வெடிப்பு இருக்கும், காம்பை முகர்ந்தால் செடி வாடை அடிக்கும். எந்தப் பண்ணை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள். இரண்டு மடங்கு விலை கொடுத்து ஏமாறுவதற்குச் சாதாரண டப்பாத் தக்காளி எவ்வளவோ மேல்.

இனி சாஸ். ஒரு குவார்ட் ஜார் தக்காளிக்கு இரண்டு பெரிய வெங்காயம், மூன்று தண்டு செலரி, ஒரு பச்சைக் குடைமிளகாய், நாலு பல் பூண்டு. மூன்று மேசைக்கரண்டி வெண்ணெயில் இரண்டு மேசைக்கரண்டி மைதாவைப் போட்டு வேர்க்கடலை நிறம் வரும்வரை நிதானமாகக் கிளறுங்கள். பிறகு காய்களைப் போட்டு வெங்காயம் நன்றாகத் துவளும்வரை வதக்குங்கள், பூண்டு கடைசியில். உங்கள் சாஸ் புளித்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன், அவசரப்பட்டால் வெங்காயத்தின் இனிப்பு இறங்காது. அப்படியும் புளித்தால் அரைக் கரண்டி சர்க்கரை. தக்காளி, ஒரு கப் இறால் ஓடு வேகவைத்த தண்ணீர், தைம், கொஞ்சம் காயென் மிளகாய்த்தூள், இரண்டு பே இலை சேர்த்து அரை மணி நேரம் மெல்லக் கொதிக்கட்டும். பே இலையை இந்தியக் கடையில் வாங்காதீர்கள். நம் பிரியாணி இலையில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், பட்டை வாசனை. இதற்கு வேண்டிய இலையில் நடுவில் ஒரே நரம்புதான். 'கிரியோல் மசாலா' டப்பா வைத்திருந்தால் பின்பக்கம் படியுங்கள், பலவற்றில் முதலில் இருப்பதே உப்பு. அதைப் போட்டால் வேறு உப்புப் போடாதீர்கள்.

சாஸாகவே மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாலு நாளில் முடியுங்கள், அல்லது ஃபிரீஸரில் வையுங்கள், மூன்று மாதம் ருசி குறையாது. ஜாரில் உறைய வைத்தால் நேரான பக்கமுள்ள ஜார் எடுங்கள், தோள் குறுகிய ஜார் வெடிக்கும், மேலே ஓர் அங்குலம் இடம் விடுங்கள். புயல் காலத்தில் கரண்ட் போய்விடுமே என்ற பயத்தில்தான் அலமாரியில் அடுக்கியிருப்பீர்கள். 2021இல் ஐடா புயல் அடித்தபோது நியூ ஆர்லியன்ஸ் முழுக்க இருண்டது, அந்தப் பயம் நியாயமானதுதான். நிறைந்த ஃபிரீஸரைத் திறக்காமல் வைத்தால் இரண்டு நாள் தாங்கும், பாதிதான் நிறைந்திருந்தால் ஒரு நாள். அதற்கு மேல் போனால், பனிக்கட்டி இன்னும் தெரிகிற சாஸை மட்டும் எடுத்து உடனே கொதிக்கவைத்துச் சாப்பிடுங்கள், முழுக்க உருகிச் சூடேறியதைத் தூக்கிப் போடுங்கள். உறைய வைக்கும் சாஸில் இறால் போடாதீர்கள், மறுபடி சூடாக்கும்போது ரப்பராகிவிடும். சாப்பிடுகிற அன்று சாஸ் கொதிக்கும்போது சேர்த்து நாலு நிமிஷத்தில் இறக்கினால் போதும்.