நிழல் மட்டும் போதாது

கேள்வி: வீட்டில் சின்னதாக ஒரு வானிலை நிலையம் அமைத்திருக்கிறேன் சார். வெப்பநிலையை அளக்கும் சென்சாரில் வெயில் படக்கூடாது என்று ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் சுற்றிலும் ஓட்டை போட்டு உள்ளே வைத்தேன். இரவில் சரியாகக் காட்டுகிறது. மதியம் மட்டும் நாலைந்து டிகிரி கூடுதலாக வருகிறது. சென்சாரை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். அது பொய் சொல்லவில்லை, டப்பாவுக்குள் நிஜமாகவே அவ்வளவு சூடு இருக்கிறது. வெயில் சுவரைச் சுட வைக்கிறது, சுவர் உள்ளே அடைபட்ட காற்றைச் சுட வைக்கிறது. ஓட்டைகள் வழியாக அந்தச் சூடு வெளியேறுவதற்குள் மேலும் சூடு சேர்ந்துவிடுகிறது. நிழலோடு காற்றோட்டமும் வேண்டும். கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 1860களில் வெப்பமானியை வைப்பதற்காக வடிவமைத்த வெள்ளை மரப்பெட்டி இதற்காகத்தான் நான்கு பக்கமும் சாய்வுச் சட்டங்களால் ஆனது.

நீங்கள் மரவேலையில் இறங்க வேண்டியதில்லை. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் தட்டுகள், 15 முதல் 20 செ.மீ. அகலத்தில், ஏழெட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் கவிழ்த்து அடுக்க வேண்டும். மேலே உள்ள இரண்டையும் அடியில் உள்ளதையும் முழுசாக விட்டுவிட்டு, மற்றவற்றின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெட்டி எடுங்கள். மரை போட்ட மூன்று கம்பிகளில் கோத்து, தட்டுக்குத் தட்டு இடையில் குழாய்த் துண்டுகளைச் செருகி நட் போட்டு இறுக்குங்கள். குழாய்த் துண்டின் நீளத்தில்தான் கவனம் வேண்டும். மேல் தட்டின் விளிம்பு கீழ்த் தட்டின் மட்டத்தை ஏறக்குறைய எட்ட வேண்டும், ஆனால் ஒரு விரல் நுழையும் சந்து இருக்க வேண்டும். இந்தத் தட்டு அடுக்குதான் சென்சாருக்குக் கூடு. முடித்ததும் கூட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்தும் சென்சார் தெரியக்கூடாது. உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் சூரியனுக்கும் தெரியும்.

மெல்லிய வெள்ளைத் தட்டுகள் வெளிச்சத்தை உள்ளே விடும். டார்ச் அடித்துப் பாருங்கள். ஊடுருவினால் தட்டுகளின் உட்புறம் கறுப்பும் வெளிப்புறம் வெள்ளையும் பூசிவிடுங்கள். அப்புறம், சென்சார் எந்தத் தட்டையும் தொடாமல் நடுவில் தொங்கட்டும். அதை இயக்கும் சர்க்யூட் போர்டைக் கூட்டுக்குள் வைக்கவே வைக்காதீர்கள், அதுவும் சூட்டைக் கக்கும். கூட்டைச் சுவர், கான்கிரீட் தரை எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி, தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் கம்பத்தில் மாட்டுங்கள். கீழே புல்தரை இருந்தால் ரொம்ப நல்லது.

கூடு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று மேகமே சொல்லிவிடும். நல்ல வெயிலில் ஒரு மேகம் சூரியனை மறைத்தவுடன் அளவு மடமடவென்று இரண்டு மூன்று டிகிரி இறங்கினால், கூடு இன்னும் வெயிலைச் சேர்த்துத்தான் அளக்கிறது. சுற்றியுள்ள காற்று அத்தனை வேகத்தில் குளிராது.

கேள்வி: வெள்ளைப் பெயின்டுக்குப் பதிலாக அலுமினியத் தாளைச் சுற்றினால் இன்னும் நன்றாக இருக்காதா? மின்விசிறி வைத்தால் என்ன?

பதில்: தாள் வேண்டாம். பளபளப்பான உலோகம் வெயிலைத் திருப்பி அனுப்பும், சரிதான். ஆனால் வாங்கிய கொஞ்சச் சூட்டையும் வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் பெயின்ட் வாங்குவதும் குறைவு, வாங்கியதைக் கதிராக வெளியே விடுவதும் சுலபம்.

மின்விசிறி தாராளமாக வைக்கலாம். காற்றசைவே இல்லாத உச்சி வெயிலில் எப்பேர்ப்பட்ட தட்டு அடுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். அந்தக் குறையை விசிறிதான் தீர்க்கும். கம்ப்யூட்டரில் இருக்கும் சின்ன விசிறியே போதும். அதைச் சென்சாருக்கு அப்பால் வைத்து, காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும்படி மாட்டுங்கள். முன்னால் வைத்து ஊதவிட்டால் மோட்டாரின் சூடு நேராகச் சென்சார் மேல்தான் போகும்.